ராத்திரியில் அரிக்கிறதா?

மைசூரில் மண்டி மொஹல்லா என்று ஒரு பகுதி இருக்கிறது. மண்டி என்றால் மொத்த வியாபாரம் நடக்கும் இடம். மொஹல்லா என்றால் மக்கள் குடியிருக்கும் பகுதி. அங்கே கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய தெருக்களில் வீடுகள் நெருக்கமானவை.

அங்கே ஒரே நோய்க்கு மூன்று மொழியில் பெயர் உண்டு. தமிழில் சொறி, சிரங்கு. கன்னடத்தில் கஜ்ஜி. உருதுவில் குஜ்லி. பெயர்தான் வேறு. வெட்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்கிறோம். சொறி வந்தால் சொல்வதில்லை. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பகுதியில் இப்படி ஒரு வீடு இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

ஒரு அறை, ஒரு சமையலறை. ஆறு பேர். கணவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மனைவி வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறார். மூன்று பிள்ளைகள். ஒரு பாட்டி. இரவில் எல்லோரும் ஒரே அறையில் வரிசையாகப் படுக்கிறார்கள்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். ஒரு வாரம் தங்கினான். பிள்ளைகளோடு ஒரே போர்வையில் படுத்தான். பிறகு ஊருக்குப் போய்விட்டான்.

மே மாத நடுவில் மருமகள் தர்மபுரியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனார். நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த வாரமே வீட்டில் அரிப்பு தொடங்கியது. முதலில் மருமகளுக்கு. பிறகு பிள்ளைகளுக்கு. பிறகு பாட்டிக்கு.

"உங்க அம்மா வீட்டிலிருந்து நல்ல சீதனம் கொண்டு வந்திருக்கே" என்றார் பாட்டி.

மருமகள் பதில் பேசவில்லை. பேசினால் சண்டை. கணவர் மருந்துக் கடைக்குப் போனார். "அண்ணா, அரிப்புக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டார். கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினார்கள். நான்கு நாள் நன்றாக இருந்தது. பிறகு அரிப்பு முன்னைவிட அதிகமாக வந்தது. இரண்டாவது பையனுக்கு விரல் இடுக்கில் சீழ் வைத்தது.

இந்த வீட்டில் மூன்று தவறுகள் நடந்தன. பழி போட்டது ஒன்று. கேட்டதும் கிடைத்த களிம்பை வாங்கியது ஒன்று. அரித்த இடத்தில் மட்டும் பூசியது ஒன்று. ஏன் இவை தவறு என்று பார்ப்போம்.

சொறி எப்படி வருகிறது?

சொறி ஒரு சிறு பூச்சியால் வருகிறது. மிகச் சிறிய பூச்சி. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. அதற்கு எட்டுக் கால்கள். பெண் பூச்சி நம் தோலின் மேல் அடுக்கைத் துளைத்து உள்ளே போகும். எலி வளை தோண்டுவது போலத் தோண்டும். அந்த வளையில் தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் இரண்டு வாரத்துக்குள் பெரிய பூச்சிகளாகிவிடும்.

நோய் வந்த ஒருவர் உடம்பில் எத்தனை பூச்சிகள் இருக்கும்? ஆயிரம் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான். பத்துப் பூச்சிக்கு இவ்வளவு அரிப்பா? ஆமாம். பூச்சி கடிப்பதால் மட்டும் அரிப்பதில்லை. பூச்சியும் அதன் முட்டையும் கழிவும் நம் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் பூச்சி இல்லாத இடத்திலும் அரிக்கிறது.

உடம்பு இதை அடையாளம் கண்டுகொள்ள நாள் ஆகும். முதல் முறை சொறி வருகிறவருக்கு, பூச்சி ஏறி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். முன்பே ஒரு முறை வந்தவருக்கு ஒன்று முதல் நான்கு நாளிலேயே தொடங்கிவிடும்.

இப்போது அந்த வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இவர்களில் யாருக்கும் முன்பு சொறி வந்ததில்லை. மே மாத நடுவில் அரிப்பு தொடங்கியது. ஆறு வாரம் பின்னால் போங்கள். ஏப்ரல் தொடக்கம் வருகிறது. அப்போது வந்து தங்கியது அந்தப் பையன். மருமகள் தாய்வீட்டுக்குப் போவதற்கு முன்பே பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கே அப்போது அரித்திருக்காது. முதலில் சொறிகிறவர்தான் நோயைக் கொண்டுவந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

அழுக்காக இருந்தால் சொறி வரும் என்பார்கள். தினமும் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். குளித்தால் இந்தப் பூச்சி போகாது. தோலுக்குள் அல்லவா இருக்கிறது! கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டாலும் சொறி வராது. தோலோடு தோல் வெகுநேரம் சேர்ந்திருந்தால் வரும். ஒரே பாயில் படுப்பது, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது, கணவன் மனைவி சேர்ந்திருப்பது, இவற்றால் பரவும். ஒரு வணக்கத்தில், ஒரு நிமிடம் கை கொடுப்பதில் பெரும்பாலும் பரவாது. இடநெருக்கடிதான் இந்த நோய்க்குத் தோழன். ஆறு பேர் ஒரே அறையில் படுப்பது அவர்கள் குற்றமா?

ஊசி முனையில் எடுத்த பெண்கள்

1687-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பொனோமோ என்ற மருத்துவர் ஒரு கடிதம் எழுதினார். செஸ்தோனி என்ற மருந்துக்காரர் அவருக்கு உதவினார். ஏழைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுப்பதை அவர்கள் கவனித்தார்கள். அதை உருப்பெருக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். அது ஒரு பூச்சி. சொறிக்கு இதுதான் காரணம் என்று எழுதினார்கள்.

பெரிய மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. ரத்தம் கெட்டுப்போனதால்தான் சொறி வருகிறது என்றார்கள். ஏறக்குறைய நூற்று ஐம்பது வருடம் இப்படியே போனது. 1834-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ரெனுச்சி என்ற மாணவர் எல்லோர் முன்னாலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அவர் கோர்சிகா என்ற தீவிலிருந்து வந்தவர். இந்த வித்தையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஊரில் பெண்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

நம் ஊரில் இன்றும் "ரத்தம் கெட்டுப்போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு லேகியம் விற்கிறவர்களும் உண்டு. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஊசியால் எடுக்க முயலாதீர்கள். புண்தான் ஆகும். இப்போது நல்ல மருந்து இருக்கிறது.

சொறி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவில் அரிப்பு அதிகமாக இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம், ஆண்களுக்கு ஆண் உறுப்பு, பெண்களுக்கு மார்பு, இந்த இடங்களில் சிறு சிறு பருக்கள் இருக்கும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்திலும் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. வீட்டில் இன்னும் ஒருவர் சொறிந்துகொண்டிருப்பார்.

மருந்து பூசும் முறை

அந்த வீட்டுக்கு ஆஷா பணியாளர் ஒருவர் வந்தார். பையன் கையைப் பார்த்தார். "அக்கா, யாரு கொண்டு வந்தாங்கன்னு அப்புறம் பேசலாம். வீட்டில் எத்தனை பேரு? ஆறு பேருக்கும் மருந்து வேணும். நாளைக்கே கே.ஆர். ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

கே.ஆர். ஆஸ்பத்திரி மண்டி மொஹல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் முழுப் பெயர் கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரி. 1924-இல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. உங்கள் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கேயே போகலாம். சொறிக்குப் பெரிய பரிசோதனை தேவையில்லை. பெரும்பாலும் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இப்போது அதிகமாகக் கொடுக்கும் மருந்து பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு. இதை எப்படிப் பூசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்து சரியாக இருந்தும் பலருக்குக் குணமாகாததற்குக் காரணம், பூசும் முறை தெரியாததுதான்.

இரவு படுப்பதற்கு முன்னால் பூச வேண்டும். உடம்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக்கூடாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, ஒரு இடமும் விடாமல் பூச வேண்டும். அரிக்காத இடத்திலும் பூச வேண்டும். விரல் இடுக்கு, நக இடுக்கு, அக்குள், தொப்புள், மார்பின் அடிப்பக்கம், தொடை இடுக்கு, பிட்டத்தின் நடுப்பகுதி, கால் விரல் இடுக்கு, எதையும் மறக்கக்கூடாது. முதுகுக்கு இன்னொருவர் பூசிவிட வேண்டும். நகங்களை முன்பே வெட்டிவிடுங்கள்.

எட்டு மணி நேரமாவது மருந்து உடம்பில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடியும் பூசிக்கொள்ள வேண்டும். காலையில் குளித்துவிடலாம்.

ஏழு நாள் கழித்து இன்னொரு முறை இதே போலப் பூச வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். அவை பெரிதாகி முட்டை இடுவதற்கு முன்னால் அழிக்கத்தான் இந்த இரண்டாம் முறை.

வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி. அந்த வீட்டில் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான் அரிக்கவில்லையே, எனக்கு எதுக்கு?" என்றார். மருமகள் இந்த முறை பேசினார்.

"இன்னிக்கு அரிக்கலைன்னா பூச்சி இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. ஆறு வாரம் ஆகுமாம். நீங்க விட்டுட்டா உங்ககிட்ட இருந்து மறுபடியும் பிள்ளைங்களுக்கு வரும். அப்புறம் அத்தை மறுபடியும் என்னைத்தான் சொல்வாங்க."

பாட்டி பக்கத்திலேயே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம் களிம்பை எடுத்து நீட்டினார்.

கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் தலையிலும் முகத்திலும் பூச வேண்டியிருக்கும். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். கர்ப்பிணியும் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். பால் கொடுக்கும் தாய், பால் கொடுக்கும் முன் மார்பைக் கழுவிவிட்டு, பிறகு மறுபடியும் பூசிக்கொள்ள வேண்டும்.

வேறு மருந்துகளும் உண்டு. பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளைத் திரவம் உண்டு. கொஞ்சம் எரியும். கந்தகக் களிம்பு உண்டு. ஐவர்மெக்டின் என்ற மாத்திரை உண்டு. அதை எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. முன்பு லிண்டேன் என்ற மருந்தை நிறையப் பூசினார்கள். அது நரம்பைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் பூசாதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில் பூசுவது அதைவிட மோசம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறோம். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

துணிகளை என்ன செய்வது?

பூச்சி நம் உடம்பை விட்டு விழுந்தால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அதனால் கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வை, துண்டு, தலையணை உறை இவற்றை மட்டும் பார்த்தால் போதும். மருந்து பூசிய மறுநாள் காலையில் அவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள். மூன்று நாள் கட்டாயம். ஒரு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. வீடு முழுக்க மருந்து அடிக்க வேண்டாம். பாயை எரிக்கவும் வேண்டாம்.

மருந்து பூசிய மறுநாளே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம்.

மருந்து பூசிய பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். பூச்சி செத்தாலும் அதன் கழிவு தோலில் கொஞ்ச நாள் இருக்கிறது. இதைத் தெரியாமல் சிலர் தினமும் மருந்து பூசுகிறார்கள். தோல் வெந்து, வேறு அரிப்பு வந்துவிடுகிறது. பொறுத்திருங்கள். நான்கு வாரம் கழிந்தும் புதுப் பருக்கள் வந்தால் மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தக் கடைக் களிம்பு

அந்தக் கணவர் முதலில் வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருந்தது. சில தோல் நோய்களுக்கு அது நல்ல மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் பயன் உண்டு. ஆனால் அது பூச்சியைக் கொல்லாது. அரிப்பை மட்டும் அடக்கும். பூச்சி உள்ளே நிம்மதியாகப் பெருகும்.

படர்தாமரைக்கு இதனால் இன்னும் பெரிய கேடு. படர்தாமரை பூச்சியால் வருவதில்லை. ஒரு வகைப் பூஞ்சையால் வருகிறது. பழைய ரொட்டியில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாக இருக்கும். ஓரம் சிவந்து, நடுவில் ஆறியது போல இருக்கும். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் அதிகம் வரும். ஈரத் துணியோடு வேலை செய்கிறவர்களுக்கும், வியர்வையோடு மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வரும். இதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் சிவப்பு குறையும். பூஞ்சை பரவும். பிறகு நல்ல மருந்து கொடுத்தாலும் எளிதில் கேட்காது. இப்படி மருந்துக்கு அடங்காத படர்தாமரை நம் நாட்டில் நிறைய வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. இருந்தும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன.

இதே களிம்பை முகம் வெளுக்க வேண்டும் என்று பூசுகிற பெண்களும் இருக்கிறார்கள். தோல் மெலிந்து, முகம் சிவந்து, பருக்கள் வந்து அவதிப்படுகிறார்கள். நிறம் எதற்கு மாற வேண்டும்?

வேறு அரிப்புகள்

எல்லா அரிப்பும் தொற்று அல்ல. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மைசூரில் குளிர் உண்டு. வயதானவர்களுக்குக் கால் வறண்டு, செதில் உதிர்ந்து அரிக்கும். வெந்நீரையும் சோப்பையும் குறைத்து, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும். ஒட்டுப் பொட்டு, கவரிங் நகை, சிமெண்டு, சோப்புத் தூள், வாசனைப் பொருள் இவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பட்ட இடத்தில் மட்டும் அரிக்கும். அதை விட்டுவிட்டால் சரியாகும். திடீரென்று தடித்துத் தடித்து வந்து சில மணி நேரத்தில் மறைவதைக் காணாக்கடி என்கிறோம். தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் காரணம் உள்ளே இருக்கலாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை நோய், இவற்றில் எதனாலும் வரலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

சொறிந்த நகத்தில் உள்ள கிருமி புண்ணுக்குள் போகும். சீழ் வைக்கும். சில குழந்தைகளுக்குப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து சிறுநீரகம் கெடும். காலையில் கண் இமை வீங்கும். சிறுநீர் குறையும். கறுப்புக் காப்பி போல நிறம் மாறும். "சொறிதானே" என்று விட்ட வீட்டில் இப்படி நடக்கிறது. உலகத்தில் எந்த நேரமும் 20 கோடிப் பேருக்கு மேல் சொறி இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017-இல் அந்த நிறுவனம் சொறியை, கவனிக்காமல் விடப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

சீழ், காய்ச்சல், முக வீக்கம், சிறுநீரில் நிற மாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். காணாக்கடியோடு உதடு வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் அந்த நிமிடமே போங்கள்.

எழுதிக்கொண்டு போங்கள்

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அரிப்பு எந்தத் தேதியில் தொடங்கியது? இரவில் அதிகமா? வீட்டில் எத்தனை பேர்? அவர்களில் யாருக்கெல்லாம் அரிக்கிறது? வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை உண்டா? இதுவரை என்ன பூசினீர்கள்? பழைய களிம்புக் குழாயையும் கையில் எடுத்துப் போங்கள்.

களிம்புக் குழாயில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று படித்தால், அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் பூசாதீர்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. எந்த மாதம், எந்த வருடம் வரை பூசலாம் என்ற எண்ணை நீங்களே படித்துவிடலாம்.

முதல் முறை மருந்து பூசிய தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். அதிலிருந்து ஏழு நாள் எண்ணி, அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அன்று இரவு வீட்டில் எல்லோரும் மறுபடியும் பூச வேண்டும்.